நம்ம மாத்திரையை நாய்க்குக் கொடுக்கலாமா? கேள்வி பதில்

கேட்கும்போது நாயின் எடை, வயது, அட்டையின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் மருந்துப் பெயர், மில்லிகிராம் எல்லாம் எழுதுங்க. எடை தெரியாமல் அளவு சொல்ல மாட்டேன்.

கே: நாட்டு நாய், 18 கிலோ. ரெண்டு நாளா சாப்பிடல, உடம்பு கொதிக்குது. டோலோ 650 பாதி கொடுக்கலாமா சார்?

வேண்டாம். முதலில் சூட்டை அளந்து பாருங்க. நாயின் உடம்பு எப்பவும் நம்ம கைக்குச் சுடத்தான் செய்யும். மூக்கு காய்ந்திருப்பதை வைத்தும் காய்ச்சல் என்று சொல்ல முடியாது. டிஜிட்டல் தெர்மாமீட்டர் முனையில் வாசலின் தடவி, ஆசனவாயில் ஒரு அங்குலம் விடுங்க. 101 முதல் 102.5 டிகிரி வரை இயல்பு.

103-ஐத் தாண்டி, சாப்பாடும் நின்றுபோனால் நம்ம ஊரில் முதல் சந்தேகம் உண்ணிக் காய்ச்சல்தான். உண்ணி பரப்பும் கிருமி எர்லிக்கியா என்றால் ரத்தத்தை உறையவைக்கும் தட்டணு குறையும், பபேசியா என்றால் சிவப்பணு உடையும். டோலோ என்பது பாராசிட்டமால்; சூட்டை இறக்கும், கிருமியைத் தொடாது. காய்ச்சல் விட்டுவிட்டது என்று நீங்க காத்திருக்கும் இரண்டு நாளில் நாய்க்கு ரத்தம் வற்றிப்போகும். காது மடலின் உட்புறம், விரல் இடுக்கு இரண்டிலும் உண்ணி தேடுங்க. உதட்டைத் தூக்கி ஈறு வெளுத்திருக்கிறதா, அடிவயிற்றில் சிவப்புப் புள்ளி இருக்கிறதா பாருங்க. எதுவும் தெரியாவிட்டாலும் இன்றைக்கே ரத்தப் பரிசோதனை.

கே: எங்க டாக்டரே பாராசிட்டமால் எழுதிக் கொடுத்தார். நீங்க விஷம் மாதிரி சொல்றீங்களே?

நாய்க்கு அது கொடுக்கவே கூடாத மருந்து என்று நான் சொல்லவில்லை. கிலோவுக்கு 10 மி.கி. என்ற கணக்கில் மருத்துவர்கள் எழுதுவது உண்டு. நாயைப் பரிசோதித்து, கல்லீரல் தாங்குமா என்று பார்த்து எழுதுகிறார்கள். வீட்டில் நடப்பது வேறு. 5 கிலோ பொமரேனியனுக்கு டோலோ 650 ஒரு முழு மாத்திரை கொடுத்தால் கிலோவுக்கு 130 மி.கி. ஆகிறது. 100-ஐ நெருங்கும்போதே கல்லீரலுக்கு ஆபத்து. அதற்கும் மேலே போனால் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்காது, ஈறு பழுப்பாகும், முகம் வீங்கும்.

கே: அப்ப கணக்குப் போட்டுக் கொடுத்தா சரிதானே?

காய்ச்சலுக்குக் காரணம் தெரிந்திருந்தால், உங்க டாக்டர் சொன்ன அளவில் கொடுங்க. காரணம் தெரியாத காய்ச்சலுக்கு, வாந்தி எடுத்து நீர் வற்றிய நாய்க்கு, எந்தக் கணக்கும் சரியில்லை. இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

கே: நொண்டுது, 8 கிலோ. காம்பிஃப்ளாம் பாதி?

கூடவே கூடாது. அதில் ஐபுபுரோஃபென் 400, பாராசிட்டமால் 325. பாதி என்றாலே கிலோவுக்கு 25 மி.கி. ஐபுபுரோஃபென். அந்த அளவிலேயே இரைப்பையில் புண் வரலாம். இன்னும் கூடினால் சிறுநீரகம் போகும். தார் மாதிரி கறுப்பாக மலம் போனால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று அர்த்தம். டைக்ளோஃபெனாக், மெஃப்டால் என்ற வலி மாத்திரைகள் இரண்டையும் தொடாதீங்க. வலிக்கான ஜெல்லைத் தடவினாலும் நக்கி உள்ளே இறக்கிவிடும்.

கே: டோலோ 500 கொடுக்கலாமா?

மேலே படியுங்க.

கே: குட்டிக்கு கால்பால் சிரப்?

அதுவும் பாராசிட்டமால்தான். பெயரைப் பார்க்காதீங்க, அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்க.

கே: ஓயாமல் சொறியுது, 10 கிலோ. செட்ரிசின்?

இது கொடுக்கலாம். கிலோவுக்கு 1 மி.கி., ஒரு நாளைக்கு ஒரு முறை. உங்க நாய்க்கு 10 மி.கி. மாத்திரை ஒன்று. சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். வெறும் செட்ரிசின்தானா என்று அட்டையைப் படியுங்க. சளி மாத்திரைகளில் பாராசிட்டமாலும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்திருக்கும். சர்க்கரை இல்லாத சிரப்பில் சைலிட்டால் இருக்கலாம். நாய்க்கு ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். சொறிவதற்குக் காரணம் பெரும்பாலும் தெள்ளுப்பூச்சி, அதை முதலில் ஒழியுங்க.

கே: மூணு மாசக் குட்டி, தடுப்பூசி போடல, பேதி. லோபிரமைடு?

குட்டிகளின் குடலைத் தாக்கும் பார்வோ வைரஸாக இருக்கலாம். லோபிரமைடு கொடுத்துக் குடலின் அசைவை நிறுத்தினால் கிருமியும் நஞ்சும் உள்ளேயே தங்கும். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் எழுதியுள்ள அளவு தண்ணீரில் கலந்து, வாந்தி இல்லாவிட்டால் ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்துக்கொண்டே மருத்துவமனைக்குப் போங்க.

கே: பூனைக்கு டோலோ கால் மாத்திரை?

உயிரே போய்விடும். பூனைக்குப் பாராசிட்டமால் எந்த அளவிலும் கிடையாது.

கே: 6 கிலோ பொமரேனியன் இப்பதான் என்னோட வைட்டமின் டி 60,000 பொட்டலத்தைக் கிழித்து முழுசா நக்கிடுச்சு. நல்லாத்தான் ஓடுது. பார்த்துட்டு நாளைக்குப் போகட்டுமா?

இப்பவே போங்க. கிலோவுக்கு 10,000 யூனிட் ஆகிறது. சுமார் 4,000-லேயே ரத்தத்தில் கால்சியம் ஏறத் தொடங்கலாம். அது ஏற ஒன்றிரண்டு நாள் பிடிக்கும், அதனால்தான் இப்ப ஓடுகிறது. ஏறிய பிறகு சிறுநீரகம் கெடும். கிழிந்த கவரையும் எடுத்துப் போங்க. கால்சியம், பாஸ்பரஸ், கிரியேட்டினின் மூன்றையும் சில நாள் தொடர்ந்து பார்க்க வேண்டும்.

கே: போறதுக்கு முன்னாடி உப்புத் தண்ணி ஊத்தி வாந்தி எடுக்க வைக்கட்டுமா?

உப்பு வேண்டாம். ரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்பு வரும். வாந்தி எடுக்க வைக்க அங்கே ஊசி இருக்கிறது. நக்கி ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன், கிளம்புங்க.