குவாரிக் குழியும் கிணற்று நீரும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

தண்டையார்பேட்டை வாசகர்: சொந்த ஊரில் எங்கள் குடும்பத்தின் 2 ஹெக்டேர் கருங்கல் குவாரிக்குக் குத்தகை முடிகிறது. சுற்றிலும் வேலி போட்டுவிட்டால் போதுமா?

போதாது. 5 ஹெக்டேருக்குக் குறைந்த சிறு கனிமக் (கருங்கல், மண் போன்றவை) குவாரிகளுக்கும் முன் சுற்றுச்சூழல் அனுமதி கட்டாயம் என்று 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. உங்கள் அனுமதிக் கடிதத்தின் நிபந்தனைப் பக்கங்களையும் சுரங்கத் திட்டத்தில் குவாரியை மூடும் முறையைச் சொல்லும் நிறைவுப் பகுதியையும் எடுத்து வைத்துப் படியுங்கள். அங்கே எழுதியிருப்பதே உங்கள் கடமை. கல் குவாரியில் வெட்டியெடுத்தது லாரியில் போய்விட்டதால் குழியை முழுவதும் மூட இயலாது. ஆகவே பக்கங்களைப் படிக்கட்டு போலச் சரித்து, ஓரத்தில் மரம் வைத்து, வேலியிட்டு, குழியை மழைநீர்த் தேக்கமாக விடுவதே பெரும்பாலும் திட்டத்தில் இருக்கும். இதற்கு மேல், தோண்டிய நிலத்தில் தீவனப் புல் வளரும்படி செய்ய வேண்டும் என்ற நிபந்தனை உச்ச நீதிமன்றத்தின் 2020 ஜனவரி 8 உத்தரவால் வந்தது. புல்லுக்கு மேல்மண் வேண்டும். அதை முதல் ஆண்டிலேயே விற்றுவிட்டுக் கடைசியில் மண் தேடி அலைபவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

மீஞ்சூர் வாசகர்: அருகில் மண் குவாரி வந்த பிறகு எங்கள் கிணறு உப்புக் கரிக்கிறது. குவாரிக்காரர் மறுக்கிறார். எப்படி நிரூபிப்பது?

உங்கள் ஊரில் இது எளிதல்ல. 1960-களிலிருந்து ஆலைகளுக்கும் நகருக்குமாக நிலத்தடி நீரை உறிஞ்சியதால் கடல்நீர் உட்புகுந்த பகுதி மீஞ்சூர் என்பதால், 'முன்பே உப்புதான்' என்ற பதில் எதிர்த்தரப்பில் தயாராக இருக்கும். எனவே குவாரிக்கு முந்தைய அளவுகளைத் தேடுங்கள். அனுமதி விண்ணப்பத்தோடு தரப்பட்ட அறிக்கையில் சுற்றுவட்டாரக் கிணறுகளின் நீர்மட்டமும் தரமும் இருக்கக்கூடும். அனுமதி பெற்றவர் நிபந்தனைகளை நிறைவேற்றிய விவரத்தை ஆண்டுதோறும் ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய நாட்களில் அளிக்க வேண்டும். அந்த அறிக்கைகளைத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். நிலத்தடி நீரை ஆண்டுக்கு நான்கு முறை, அதாவது கோடை, மழைக்காலம், மழைக்குப் பின், குளிர்காலம் என அளக்கும்படி வழக்கமாக நிபந்தனை இருக்கும். நான்கு பருவத்துக்கும் ஒரே எண் எழுதியிருந்தால் சந்தேகப்படுங்கள்.

நீங்களும் இன்றே அளக்கத் தொடங்குங்கள். இரவு முழுவதும் மோட்டாரை ஓட்டாமல், விடிந்ததும் கிணற்றுச் சுவரின் குறித்த ஓர் இடத்திலிருந்து எடை கட்டிய டேப்பை இறக்கி, நனைந்த கோட்டைப் பார்த்துத் தேதியோடு எழுதுங்கள். பரிசோதனைக்கான பாட்டிலை அதே நீரால் மும்முறை அலசி, கழுத்துவரை நிரப்பிக் கொடுங்கள். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம், உப்பைக் காட்டும் குளோரைடுக்கு லிட்டருக்கு 250 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், மாற்று நீர் இல்லாதபோது 1000-ஐ உச்ச வரம்பாகவும் வைக்கிறது. சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் வழக்குத் தொடுக்கப் பொதுவாக 6 மாதம்தான் கெடு. தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் கிடைக்கலாம்.

மணலி வாசகர்: சுற்றுச்சூழல் அனுமதி இருந்தால் மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை வேண்டாம்தானே?

வேண்டும். இசைவாணை 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டம், 1981-ஆம் ஆண்டு காற்றுச் சட்டம் ஆகியவற்றின்கீழ் வருவது. சுற்றுச்சூழல் அனுமதியும் இசைவாணையும் தனித்தனி.

எண்ணூர் வாசகர்: அனல்மின் நிலையச் சாம்பலைக் கொட்டிக் குழியை மூடலாமா?

மத்திய அரசின் 2021 டிசம்பர் 31 அறிவிக்கை கைவிட்ட சுரங்கங்களை நிரப்பச் சாம்பலைப் பயன்படுத்த இடம் தருகிறது. ஆனால் வாரியத்தின் அனுமதியில்லாமல் இரவோடு இரவாக லாரியில் கொட்டுவது அதில் சேராது. சாம்பலிலுள்ள உலோகங்கள் நீரில் கசியக்கூடும் என்பதால், முதல் லோடு இறங்குவதற்கு முன்பே அக்கம்பக்கத்து ஆழ்துளைக் கிணறுகளின் நீரைப் பரிசோதித்து அறிக்கையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.