கலிஃபோர்னியாவின் 2035 பெட்ரோல் கார் விதி: கேள்வி பதில்

2035 முதல் புது பெட்ரோல் கார் விற்பதை நிறுத்தும் கலிஃபோர்னியா விதியைப் பற்றிக் கேளுங்கள் என்றேன், கொட்டிவிட்டீர்கள். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

சார், 2035-இல் என் பழைய கேம்ரியை ஓட்ட விடுவார்களா?

தாராளமாக ஓட்டலாம், விற்கலாம், இன்னொரு பழைய பெட்ரோல் கார் வாங்கவும் செய்யலாம். விதி பிடிப்பது கம்பெனிகளை. அங்கே விற்கும் புதுக் கார்களில் 2026 மாடலில் 35 சதவீதம், 2030-இல் 68, 2035-இல் 100 சதவீதம் புகை விடாதவையாக இருக்க வேண்டும். அந்த நூறிலும் இருபது வரை பெட்ரோல் டேங்கும் சார்ஜ் போடும் பேட்டரியும் உள்ள பிளக்-இன் ஹைபிரிட்டாக இருக்கலாம். முழுத் தடை என்று கத்துகிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

விதி இப்போது உயிரோடு இருக்கிறதா இல்லையா? ஆளுக்கொன்று சொல்கிறார்களே.

விஷயம் கோர்ட்டில். லாஸ் ஏஞ்சலஸ் புகைமூட்டம் தாங்காமல் கலிஃபோர்னியா முந்திக்கொண்டு வாகனப் புகைக்கு விதி போட்டிருந்ததால், 1967-இல் மத்திய அரசு அந்த ஒரு மாநிலத்துக்கு மட்டும் தனி விதி போட வழிவிட்டது. ஆனால் ஒவ்வொரு முறையும் மத்திய சுற்றுச்சூழல் துறையிடம் அனுமதி வாங்க வேண்டும். மற்ற மாநிலங்கள் சொந்தமாக எழுத முடியாது, கலிஃபோர்னியா எழுதியதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், நியூயார்க்கும் மாசசூசெட்ஸும் எடுத்துக்கொண்டன. கம்பெனிகளுக்கு வயிற்றைக் கலக்குவது இதுதான். பைடன் அரசு 2024 டிசம்பரில் அனுமதி கொடுத்தது. நாடாளுமன்றம் அதை ரத்து செய்ய, ட்ரம்ப் 2025 ஜூன் 12 அன்று கையெழுத்துப் போட்டார். இப்படி ரத்து செய்யும் சட்டம் இந்த அனுமதிக்குப் பொருந்தாது என்று நாடாளுமன்றத்தின் சொந்தத் தணிக்கை அமைப்பே சொல்லியிருந்தது, யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அன்றைக்கே கலிஃபோர்னியா வழக்குப் போட்டுவிட்டது.

அண்ணா, கட்டாயப்படுத்தினால்தானே கம்பெனிகள் மாறும்?

பாதி சரி தம்பி. 1990-லேயே இதே மாநிலம், 1998-க்குள் 2 சதவீதமும் 2003-க்குள் 10 சதவீதமும் புகையில்லாக் கார் விற்க வேண்டும் என்று விதி போட்டது. அதனால்தான் ஜெனரல் மோட்டார்ஸின் இவி1 என்ற மின்கார் தெருவுக்கு வந்தது, அதுவும் வாடகைக்கு மட்டும். கம்பெனிகள் நெருக்க நெருக்க விதி தளர்ந்தது. ஓட்டியவர்கள் வேண்டாம் வேண்டாம் என்று போராடியும், கொடுத்த கார்களைத் திரும்ப வாங்கிப் பெரும்பாலானவற்றை நசுக்கிவிட்டார்கள். விதி காரைக் கொண்டுவரும், நிலைக்கவைக்க விலையும் சேர்ந்து வர வேண்டும். நார்வேயைப் பாருங்கள், அங்கே தடை என்று ஒன்றும் இல்லை, பெட்ரோல் காருக்குத் தாளமுடியாத வரி, மின்காருக்குப் பல ஆண்டுகள் வரிவிலக்கு, அவ்வளவுதான். 2024-இல் அங்கே விற்ற புதுக் கார்களில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது மின்கார். (எண்ணெய் விற்ற காசு இருக்கிற நாடு, அதையும் மறக்க வேண்டாம்.)

எல்லோரும் சார்ஜ் போட்டால் கரண்ட் தாங்குமா?

2022 ஆகஸ்ட் 25 அன்று விதியை நிறைவேற்றி ஒரு வாரம்கூட ஆகவில்லை, வெயில் தாங்காமல் மாலை 4 முதல் 9 வரை கார் சார்ஜ் போடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். ஊரே சிரித்தது. ஆனால் கேட்டது அந்த ஐந்து மணி நேரத்துக்கு மட்டும். நள்ளிரவுக்கு மேல் போட்டால் பிரச்சினை வெகுவாகக் குறையும்.

அபார்ட்மென்ட்வாசி நான். சொந்த பிளக் கிடையாது. என்ன வாங்கலாம்?

100 மைலுக்குச் சுமார் 30 யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் யூனிட் 30 சென்ட் என்றால் 9 டாலர். வெளியே வேக சார்ஜரில் 55 சென்ட் என்றால் 16.50. கேலன் 4.75 டாலர் என்றால், 30 மைல் கொடுக்கும் பெட்ரோல் கார் கிட்டத்தட்ட 16 டாலர், 50 மைல் கொடுக்கும், பிளக்கே தேவைப்படாத சாதாரண ஹைபிரிட் 9.50. வீட்டில் பிளக் இருப்பவருக்கு மின்கார் லாபம், இல்லாதவருக்கு அதே கார் பெட்ரோல் செலவுதான் வைக்கும். வாடகை வீட்டுக்காரர்களுக்குப் பிளக் வராதவரை 2035 என்றாலும் 2040 என்றாலும் எனக்கு ஒன்றுதான். நீங்கள் இப்போதைக்கு ஹைபிரிட் எடுங்கள், ஆபீஸில் சார்ஜர் இருந்தால் மட்டும் கணக்கை மறுபடி போட்டுப் பாருங்கள்.