கம்பியின் இழுவிசை 640 அல்ல, 520

ஏற்காட்டுக் கடைக்குச் சுவரில் கீல் போட்டுக் கிடைமட்டமாக நீட்டிய 2 மீட்டர், 12 கிலோ குழாய். நுனியில் 20 கிலோ பலகை. நுனியிலிருந்து 30 டிகிரியில் மேலே சுவருக்குக் கம்பி. இழுவிசை 640 நியூட்டனா என்று கேட்டிருந்தீர்கள். மொத்த எடை 320 நியூட்டனையும் கம்பியின் தலையில் கட்டிவிட்டீர்கள். கீலும் கொஞ்சம் தாங்குமே!

கீலை மையமாக வைத்துத் திருப்புத்திறன் (விசை×கீலிலிருந்து தூரம்) எடுங்கள். கீல் விசைக்குத் தூரம் பூஜ்யம், அதனால் கணக்கிலேயே வராது. ஈர்ப்பு முடுக்கம் 10 என்றால், குழாயின் எடை நடுவில்: 120×1. பலகை: 200×2. கம்பி: இழுவிசை×2×சைன் 30. சைன் 30 என்பது அரை; கீழே திருப்பும் 120+400-ஐக் கம்பி ஈடுகட்ட வேண்டும். சரி, இழுவிசை 520. அதில் 260 மேல்நோக்கி, மீதி 60 கீலுக்கு.

அப்புறம், சுவரின் மேல் ஆணியைக் கம்பி கிடைமட்டமாக 450 நியூட்டனில் பிடுங்கும். சேலத்தில் என் வீட்டில் கீலைப் பெரிதாகப் போட்டு, ஆணியைச் சின்னதாக அடித்தேன். செங்கல் தூளோடு கையில் வந்தது. மலைக்காற்று இந்தக் கணக்கில் இல்லை.