கடதாசியில் போட்டால் விசா கெதியில் வருமா?

கேள்வி: எனக்கு ஊர் காரைதீவு, வயது 31. ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் சிவில் பொறியியல் முடித்து, ஆறு வருஷமாக ஒரு கட்டட ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்கிறேன். அவுஸ்திரேலியாவில் குடியேறுவதற்கான 189 திறன்சார் விசாவுக்குப் போட இருக்கிறேன். மட்டக்களப்பில் ஒரு ஏஜென்சியில் விசாரித்தேன். ஒன்லைனில் போட்டால் ஒன்றரை வருஷம் இழுக்குமாம், கடதாசியில் நிரப்பிக் கூரியரில் அனுப்பினால் ஆறு மாதத்தில் முடியுமாம். அதற்கு மேலதிகமாக ஒன்றரை லட்சம் ரூபாய் கேட்கிறார்கள். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள் தம்பி. 189 விசாவுக்குக் கடதாசி விண்ணப்பம் என்று இப்போது ஒன்றுமே இல்லை. 2012 ஜூலை 1ஆம் தேதி ஸ்கில்செலக்ட் முறை வந்ததிலிருந்து எல்லாம் இணையவழிதான். ஸ்கில்செலக்ட் என்பது அவுஸ்திரேலிய அரசின் இணையப் பதிவு. முதலில் அதில் விண்ணப்பிக்கும் விருப்பத்தைப் பதிய வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. வயது, படிப்பு, ஆங்கிலம், வேலை அனுபவம் போன்றவற்றுக்குப் புள்ளி போடுவார்கள். குறைந்தது 65 புள்ளி வேண்டும், ஆனால் 65 இருந்தால் விண்ணப்பிக்க அழைப்பு வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். அழைப்பு வந்தால், 60 நாளுக்குள் இம்மிஅக்கவுன்ட் என்ற அவர்களின் இணையக் கணக்கு வழியாக விண்ணப்பித்துப் பணமும் கட்ட வேண்டும். கூரியரில் போகும் கடதாசிக் கட்டு விண்ணப்பமாகவே கணக்கில் வராது. அதை நம்பிக் காத்திருந்தால் அந்த 60 நாளும் கைவிட்டுப் போய்விடும். ஒன்றரை லட்சத்தை விட அந்த இழப்புத்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

2012க்கு முன் இரண்டு வழியும் இருந்தது உண்மை. அப்போது இதே போல இருந்த 175 திறன்சார் விசாவுக்கு ஃபைல் கட்டி அடிலெய்டுக்குத் தபாலில் அனுப்பியவர்கள் நம் பக்கத்திலும் உண்டு. ஆனால் அந்தக் காலத்திலும் முந்தியது இணையவழி விண்ணப்பம்தான். தபால் போய்ச் சேர வேண்டும், யாராவது பிரித்துப் பார்த்துக் கணினியில் ஏற்ற வேண்டும், அதற்குப் பிறகுதான் வரிசை. ஆகவே உங்களுக்குச் சொன்ன கதை அன்றைக்கும் பொருந்தாது, இன்றைக்கும் பொருந்தாது.

சரி, எவ்வளவு காலம் எடுக்கும்? அவுஸ்திரேலிய உள்துறைத் திணைக்களத்தின் தளத்தில் விசா வகை வாரியாகக் காலக்கணக்குப் போடுகிறார்கள். அதில் பாதிப்பேருக்கு எவ்வளவு நாளில் முடிவு வந்தது, நூற்றுக்கு 90 பேருக்கு எவ்வளவு நாளில் வந்தது என்று இருக்கும். அந்த 90ஐ வைத்து வாழ்க்கையைத் திட்டமிடுங்கள். ஏஜென்சிக்காரர்கள் சொல்வது பெரும்பாலும் குறைந்த கணக்கு. இன்னொன்று, அந்த நாட்கள் விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து ஓடுபவை. ஆங்கிலப் பரீட்சை, தகைமை மதிப்பீடு (உங்கள் படிப்பும் வேலையும் அங்கே ஏற்கத்தக்கவையா என்று பார்ப்பது), அழைப்புக்குக் காத்திருந்த மாதங்கள் ஒன்றும் அதில் சேராது. வரிசையில் யாரை முன்னுக்கு எடுப்பது என்பதை அந்த நாட்டு அமைச்சரின் பணிப்புரைதான் தீர்மானிக்கிறது. சுகாதாரம், கற்பித்தல் துறையினருக்கு 2022இல் அப்படி முன்னுரிமை கிடைத்தது. மட்டக்களப்பில் இருந்துகொண்டு காசு வாங்கி யாரும் அந்த வரிசையை மாற்ற முடியாது.

காசு கொடுத்து நேரம் மிச்சம் பிடிக்கக்கூடிய ஒரே இடம் தகைமை மதிப்பீடு. உங்கள் துறைக்கு அதைச் செய்வது எஞ்சினியர்ஸ் அவுஸ்திரேலியா என்ற அந்நாட்டுப் பொறியியலாளர் அமைப்பு. அவர்களிடமே மேலதிகக் கட்டணத்துடன் விரைவுச் சேவை இருக்கிறது. அவர்களின் தளத்தில் நீங்களே நேராகக் கட்டலாம். நீங்கள் செய்த வேலைகளை விவரிக்கும் தொழில் திறன் அறிக்கை எழுதச் சொன்னால் அதையும் நீங்களே எழுதுங்கள். "ரெடியா இருக்கு, பெயரை மாத்தினால் போதும்" என்று விற்கிறார்கள். பிரதி என்று பிடிபட்டால் மதிப்பீடு மறுக்கப்படும், திரும்பப் போடவும் தடை வரலாம்.

தாமதம் அதிகம் நடப்பது நம் பத்திரங்களில்தான். உங்கள் பிறப்புச் சான்றிதழை எடுத்து மேசையில் வையுங்கள், பக்கத்தில் பாஸ்போட்டை விரியுங்கள். சான்றிதழில் அப்பாவின் பெயர் கந்தையா என்று தமிழில் இருக்கும். அதை மொழிபெயர்ப்பாளர் ஒருவர் ஆங்கிலத்தில் Kandiah என்று எழுதுவார், பாஸ்போட்டில் Kanthiah என்று இருக்கும். நமக்கு இரண்டும் ஒரே ஆள், விசா அதிகாரிக்கு இரண்டு ஆள். விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தால் அதோடு வாரக்கணக்கில் போய்விடும். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் போகும்போதே பாஸ்போட்டைக் காட்டி, எழுத்துக்கு எழுத்து ஒத்துப்பார்த்து வாங்குங்கள்.

அடுத்தது வேலைச் சான்று. ஒப்பந்தக்காரர் சம்பளத்தைக் கையில் தந்தாரா, வங்கியில் போட்டாரா? ஊழியர் சேமலாப நிதி கட்டினாரா? கட்டியிருந்தால் அந்தக் கணக்கு அறிக்கையை இப்போதே எடுங்கள். ஆறு வருஷ வேலையை ஒரு கடிதத்தை மட்டும் வைத்து நிரூபிப்பது கடினம். பத்திரங்களைப் போனில் படம் பிடித்து ஏற்றாதீர்கள். கல்முனையிலேயே கடையில் கொடுத்து நிறத்தில் ஸ்கேன் எடுக்கலாம். ஒவ்வொரு கோப்பும் 5 எம்பிக்குள் இருக்கட்டும்.

பொலிஸ் சான்றையும் மருத்துவப் பரிசோதனையையும் முன்கூட்டியே செய்ய வேண்டாம். பொதுவாக 12 மாதம்தான் செல்லும். மருத்துவத்துக்குக் கொழும்புக்குத்தான் போக வேண்டும், காலாவதியாகி இரண்டாம் தடவையும் இரவு பஸ் ஏற வேண்டி வரக்கூடாது.

அந்த ஏஜென்சிக்கு ஏற்கனவே முற்பணம் கொடுத்திருந்தால், எதற்கு என்று எழுதிய ரசீதைக் கேளுங்கள். திருப்பித் தர மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள், தொலைபேசி இலக்கம் 1977. சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும், ஆகவே "நாளைக்கு வாங்க" என்று இழுத்தடிக்க விடாதீர்கள்.

கேள்வி: வாழைச்சேனையிலிருந்து எழுதுகிறேன். என் மகளுக்கு ஏஜென்ட் ஒருவர் அவுஸ்திரேலிய விசாவுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டார். அந்த இம்மிஅக்கவுன்டின் பாஸ்வேர்ட் தரமாட்டாராம். சுவரில் வேலைவாய்ப்புப் பணியக உரிமம் மாட்டியிருக்கிறார். நம்பலாமா?

பதில்: அம்மா, அந்த உரிமம் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புவதற்கு. குடியேற்ற விசாவுக்கு அது தகுதிச் சான்று ஆகாது. அவுஸ்திரேலியாவுக்கு வெளியே உள்ள முகவர் அங்கே பதிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பதிந்தவர் என்று சொன்னால் ஏழு இலக்கப் பதிவு எண்ணைக் கேளுங்கள், அந்நாட்டு முகவர் பதிவு அதிகார சபையின் தளத்தில் தேடிப் பார்க்கலாம்.

அவருடைய பாஸ்வேர்ட் உங்களுக்குத் தேவையில்லை. விண்ணப்பம் போனதும் வரும் ஒப்புகைக் கடிதத்தில் ஒரு பரிவர்த்தனைக் குறிப்பு எண் இருக்கும். அதை மட்டும் வாங்குங்கள். மகள் தன் மின்னஞ்சலில் புதிதாக ஒரு இம்மிஅக்கவுன்ட் திறந்து, அந்த எண்ணையும் பிறந்த தேதி, பாஸ்போட் விபரங்களையும் கொடுத்து விண்ணப்பத்தைத் தன் கணக்கிலும் கொண்டுவரலாம். அப்புறம் திணைக்களம் என்ன கேட்டது, எந்தத் தேதிக்குள் கேட்டது என்பதை அவளே பார்ப்பாள். அந்த எண்ணையும் தர மறுத்தால், விண்ணப்பம் போட்டாரா என்பதே சந்தேகம். இந்த வாரமே நேரில் போய்க் கேளுங்கள், மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.