பிலிப்பியில் ஆயர் ஒருவரா, பலரா?

பவுல் பிலிப்பி ஊர்ச் சபைக்கு எழுதிய கடிதத்தில் (பிலிப்பியர் 1:1) 'கண்காணிகள்' என்று பன்மையில் இருக்கிறதே, அப்போஸ்தலர் காலத்திலேயே ஊருக்கு ஒரே பேராயர் என்கிறார்களே, எது சரி என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் சந்தேகம் நியாயமானதுதான். அப்போஸ்தலர் 20-ஐத் திறந்து பாருங்கள்: 17-ஆம் வசனத்தில் பவுல் எபேசுவின் மூப்பர்களை அழைக்கிறார், 28-ல் அதே ஆட்களைக் கண்காணிகள் என்கிறார். அதாவது மூப்பர், கண்காணி இரண்டும் அப்போது தனித்தனிப் பதவியாகப் பிரியவில்லை. கண்காணி என்று மொழிபெயர்த்திருக்கும் கிரேக்கச் சொல் எபிஸ்கோபோஸ்; பிறகு ஆயர், பேராயர் என்ற பதவிக்குப் பெயரானதும் அதே சொல்தான். அப்போது அதற்கு மேற்பார்ப்பவர் என்று பொருள், அவ்வளவுதான் (கண்காணி என்றதும் நம் தோட்டத்துக் கங்காணி நினைவுக்கு வந்தால் தப்பில்லை, இரண்டும் ஒரே தமிழ்ச் சொல்தான்). முதல் நூற்றாண்டின் கடைசியில் ரோமிலிருந்து கொரிந்துவுக்குப் போன கிளமெந்து கடிதமும் பதவியிலிருந்து இறக்கப்பட்ட மூப்பர்களைப் பற்றிப் பன்மையில்தான் பேசுகிறது.

அப்புறம் இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தியோக்கியாவின் ஆயர் இக்னேஷியஸ் வருகிறார். கைதியாக ரோமுக்குப் போகும் வழியில், ஆயர் இல்லாமல் எதையும் செய்யாதீர்கள் என்று சபை சபையாக எழுதுகிறார். எல்லாரும் ஏற்கெனவே அப்படித்தான் நடந்தார்கள் என்றால் இவ்வளவு வற்புறுத்துவானேன்? ரோமருக்கு எழுதியதில் மட்டும் அந்த ஊர் ஆயரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அது ஏன் என்று வேதபாட வகுப்பில் முதலில் கேட்டுப் பாருங்கள்.