பெல்லட் அடுப்பு: காற்றுத் திருகைத் தொடும் முன்

தம்பி, பெல்லட் அடுப்பின் (மரத்தூளை அழுத்திச் செய்த சிறு துண்டுகளை எரிக்கும் அடுப்பு) கண்ணாடி ஒரே நாளில் கறுத்துவிடுகிறது, தீக்குப் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் காற்றுத் திருகை முழுக்கத் திறந்தேன், இப்போது பாதி எரிந்த பெல்லட்டுகள் அவை எரியும் கிண்ணத்தை விட்டு வெளியே தெறிக்கின்றன, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். இங்கே வந்த முதல் குளிர்காலத்தில் நானும் இதையேதான் செய்தேன். கண்ணாடிக்குள் எரிவது மரம்தானே, நெருப்பைப் பற்றி நமக்குத் தெரியாததா என்று ஒரு நினைப்பு.

முதலில் திருகைக் கையேட்டில் சொன்ன தொடக்க நிலைக்கே கொண்டுவந்துவிடுங்கள்.

அடுப்பில் இரண்டு ஃபேன் இருக்கும். அறைக்குள் சூடான காற்றை ஊதுவது ஒன்று. அதற்கும் தீ எரிவதற்கும் சம்பந்தமில்லை. அதன் வேகத்தைக் கூட்டினால் கண்ணாடி வெளுக்காது. மற்றது புகை வெளியேறும் பக்கம் ஒளிந்திருக்கும். அது புகையை வெளியே இழுக்கிறது. உள்ளே காலியாகும் இடத்தை நிரப்பத்தான் கிண்ணத்தின் ஓட்டைகள் வழியாகப் புதுக்காற்று ஏறுகிறது. பெரும்பாலான பெல்லட் அடுப்புகள் இப்படித்தான்: தீயை ஊதுவதில்லை, உறிஞ்சுகின்றன. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு குளிர்காலம் ஆனது.

உறிஞ்சும்போது காற்று எளிதான வழியாகத்தான் வரும். கிண்ணத்தின் ஓட்டைகள் அடைத்திருந்தால், கதவு இடுக்கு வழியாக நுழைந்து தீயைத் தொடாமலே புகைபோக்கிக்குப் போய்விடும். நீங்கள் திருகைத் திறக்கத் திறக்க, அடைபடாமல் மிஞ்சிய ஓரிரண்டு ஓட்டைகளில் மட்டும் காற்று பீறிடும். ஒரு பக்கம் பெல்லட் தெறிக்க, மறுபக்கம் தீ மூச்சுத் திணறும். உங்கள் அடுப்பிலும் இதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன்.

அடுப்பு முழுதும் ஆறிய பிறகு கிண்ணத்தை வெளியே எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நான் பார்த்தபோது பாதி ஓட்டைகளைக் காணோம். சாம்பல் உருகிக் கண்ணாடிக் கசடு மாதிரி கெட்டியாகப் படிந்திருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பியதும் பில்லை பில்லையாகப் பெயர்ந்து வந்தது. கிண்ணம் உட்காரும் இடத்துக்குக் கீழேயும் சாம்பல் குவிந்திருக்கும், அதை மறந்துவிடாதீர்கள். சாதாரண வேக்குவம் கிளீனரை மட்டும் உள்ளே விடாதீர்கள். சாம்பலுக்குள் தணல் பல மணி நேரம் உயிரோடு கிடக்கும். தூசிப் பையில் தீப்பிடித்தால் அப்புறம் வேறு கதை.

அடுத்து கதவு. ஒரு தாளை இடுக்கில் வைத்துக் கதவை மூடி இழுத்துப் பாருங்கள். சட்டென்று உருவிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் கதவு விளிம்பில் காற்றுப் புகாமல் அடைக்கும் சுற்றுக்கயிறு தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும். சாம்பல் தட்டின் கதவுக்கும் இதே சோதனைதான்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் திருகு. அடுப்பை மூட்டி அரை மணி நேரமாவது எரிய விட்டு, தீயைப் பாருங்கள். நுனியில் புகை படிந்த மாதிரி கறுப்பு, ஆரஞ்சு நிறத்தில் நீளமாக, சோம்பலாக அசைகிறது என்றால் காற்று போதவில்லை. வெளிறிப் போய், குட்டையாக, சீறிக்கொண்டு நின்றால் காற்று அதிகம். சூடும் வீணாகப் புகைபோக்கி வழியே போகிறது. பளிச்சென்ற மஞ்சளில், சுறுசுறுப்பாக, நுனி சுத்தமாக இருந்தால் சரி. கிண்ணத்தில் ஒன்றிரண்டு பெல்லட் துள்ளுவது தவறில்லை, வெளியே விழக் கூடாது. ஒரு தடவைக்குத் துளியூண்டு திருப்பிவிட்டுக் கால் மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். எனக்கு இதுதான் கஷ்டமாக இருந்தது. மறுநாள் சாம்பலையும் பாருங்கள். மென்மையாக, வெளிர் சாம்பல் நிறத்தில் இருந்தால் நன்றாக எரிந்திருக்கிறது. கறுப்பாக இருந்தால் இன்னும் காற்று வேண்டும். கண்ணாடியில் லேசான சாம்பல் பூச்சு எல்லா அடுப்பிலும் வரும், அதைத் துரத்தாதீர்கள்.

பெல்லட் மூட்டையை மாற்றினால் தீயின் குணமும் மாறும். ஈரம் பட்டதோ அடியில் தூள் நிறைந்ததோ வந்தால் மறுபடி இரண்டு நாள் கவனிக்க வேண்டியிருக்கும். இன்னொன்று, அடுப்புக்கு வெளியிலிருந்து தனிக் காற்றுக்குழாய் இல்லையென்றால் அது வீட்டுக் காற்றைத்தான் இழுக்கிறது. சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனும் அதே காற்றைத்தான் வெளியே தள்ளுகிறது. அதைப் போட்டதும் தீ மந்தமாகிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாவிட்டால் இன்றே வாங்கி மாட்டுங்கள். அந்த வாயுவுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. புகை அறைக்குள் வந்தால் திருகோடு மல்லுக்கட்டாமல் அடுப்பை நிறுத்திவிட்டு, புகைபோக்கியைச் சுத்தம் செய்பவரைக் கூப்பிடுங்கள்.

கிண்ணத்தைச் சுரண்டியதும் எத்தனை ஓட்டைகள் அடைத்திருந்தன, தீயின் நுனி இப்போது என்ன நிறம் என்று எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு மேலே சொல்கிறேன்.