செயின் சோ சும்மா ஓடும்போது நல்ல வேகம், மரத்தில் வைத்தால் திணறி நின்றுவிடுகிறது. காபரேட்டரைத் திருகிப் பார்க்கலாமா?

இப்போதைக்குக் காபரேட்டரில் பெற்றோலைக் கூட்டிக் குறைக்கும் அந்தத் திருகாணியைத் தொடவேண்டாம். நான் தொட்டேன், மயிரிழையில் பிஸ்டன் தப்பியது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறிப் போன கையோடு, நிலாவெளியில் மாமி வீட்டு வளவில் ஒரு வேம்பு மதிலோடு சாய்ந்து கிடந்தது. மெசினைக் கொண்டுபோய் ஐந்து நிமிடம் அரிந்திருப்பேன், சத்தம் இறங்கி நின்றது. கொஞ்சம் ஆறவிட்டு இழுத்தால் ஸ்டார்ட் ஆகும், திரும்பவும் ஐந்து நிமிடம்தான். பிளக் மாற்றினேன், எயார் பில்டரைக் கழுவினேன், ஒன்றும் சரிவராமல் கடைசியில் ஹெச் என்று எழுதியிருக்கும் திருகாணியைக் கால் சுற்று உள்ளே திருகினேன். சும்மா ரேஸ் பண்ண சத்தம் கூர்மையாக, முன்னைவிட வேகமாக வந்தது. எனக்குச் சந்தோஷம். மரத்தில் வைத்தால் முன்னைவிட மோசம்.

பக்கத்து வளவில் கிண்ணியாவிலிருந்து மரம் அரிய வந்திருந்த நானா ஒருவர் அந்தச் சத்தத்தைக் கேட்டே எழும்பி வந்தார். "தம்பி, அத முதல்ல பழைய இடத்துக்குத் திருப்புங்க, பிஸ்டன் இறுகிப் போயிடும்" என்றவர், பெற்றோல் தாங்கி மூடியை மெல்லத் தளர்த்தினார். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது. பிழை அதுதான். தாங்கிக்குள் பெற்றோல் குறையக் குறையக் காற்று உள்ளே வர ஒரு சின்னத் துவாரம் இருக்கும், என் மெசினில் மரத்தூளும் ஒயிலும் சேர்ந்து களியாகி அதை அடைத்துவிட்டிருந்தது. காற்று வராவிட்டால் தாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகி பெற்றோலைப் பின்னுக்குப் பிடித்து இழுக்கும். சும்மா ஓடும்போது தேவை குறைவு என்பதால் தெரியாது, மரத்தில் முழு வேகத்தில் அமத்தும்போதுதான் பட்டினி கிடந்து நிற்கும். ஆகவே உங்கள் மெசின் நின்ற உடனேயே மூடியைத் தளர்த்திப் பாருங்கள். உஸ் சத்தம் கேட்டு, மூடியை இறுக்கி இழுத்ததும் கொஞ்ச நேரம் பலமாக ஓடினால் துவாரத்தைத் துப்புரவாக்கினால் போதும்.

அதற்கும் முன்னால் ஒன்றைப் பார்க்கவேண்டும், பிழை இஞ்சினிலா சங்கிலியிலா என்று. வெட்டும்போது விழும் தூளைக் கையில் எடுத்துப் பாருங்கள். சீவல் சீவலாக இருந்தால் சங்கிலி கூர். மா மாதிரி இருந்தால் மொட்டை, மொட்டைச் சங்கிலியை அமத்தி அமத்தி வெட்டினால் எந்த இஞ்சினும் திணறத்தான் செய்யும். நம் கடற்கரைப் பக்கம் விழுந்து கிடக்கிற தென்னையிலும் பனையிலும் பட்டைக்குள் மணல் ஏறியிருக்கும், நன்றாக அரம் போட்ட சங்கிலிகூட ஒரு குற்றி அரிவதற்குள் மொட்டையாகிவிடும். இஞ்சின் இரைந்துகொண்டே இருக்க, சங்கிலி மட்டும் மரத்துக்குள் நின்றால் அது கிளட்ச் வழுக்குவது, வேறு கதை. சங்கிலி பிரேக் அரைகுறையாக உரசிக்கொண்டிருக்கிறதா, சங்கிலியை அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். பிளக் வயரைக் கழற்றிவிட்டுத்தான் சங்கிலியில் கை வைக்கவேண்டும்.

துவாரமும் சங்கிலியும் சரியென்றால் தாங்கிக்குள் இருக்கும் பெற்றோல் பில்டரைக் கம்பிக் கொக்கியால் வெளியே இழுத்துப் பாருங்கள், கறுத்திருந்தால் புதிது போடுங்கள், பெரிய செலவில்லை. எயார் பில்டரும் அப்படியே.

அப்புறம் சைலன்சர். இதைப் பலர் திறந்தே பார்ப்பதில்லை. புகை வெளியேறும் வாயில் மிக நுண்ணிய கண்களோடு ஒரு கம்பி வலை இருக்கும், தீப்பொறி வெளியே போகாமல் தடுக்க. அது கரி பிடித்து அடைத்தால் புகை வெளியேற வழியில்லை, புகை போகாவிட்டால் புதுக் காற்றும் உள்ளே வராது. வலையைக் கழற்றி, கரியை எரித்துக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் போட்டால் மெசின் புதிது போல இழுக்கும். கரி பிடிப்பதற்குப் பெரும்பாலும் நம் கைதான் காரணம். 50க்கு 1 (50 பங்கு பெற்றோலுக்கு 1 பங்கு ஒயில்) என்று போட்டிருக்கிற மெசினுக்கு ஒரு லீற்றர் பெற்றோலில் கலக்க 20 மில்லிலீற்றர் டூ டீ ஒயில் போதும், இஞ்சினுக்கு நல்லதென்று இரண்டு மடங்கு ஊற்றுகிறோம். குறைத்து ஊற்றுவது அதைவிட ஆபத்து, அளவுப் போத்தல் ஒன்று வாங்கி வையுங்கள். மாதக்கணக்கில் பெற்றோல் கானில் கிடந்த கலவையையும் ஊற்றவேண்டாம்.

இவ்வளவும் பார்த்துச் சரிவராவிட்டால்தான் காபரேட்டர். அதிலும் திருகாணியைவிட உள்ளே இருக்கும் மெல்லிய ரப்பர்த் தகட்டைத்தான் முதலில் சந்தேகிக்கவேண்டும், அது விறைத்துப் போனால் பெற்றோல் போதியளவு வராது. ஹெச் திருகாணியை உள்ளே திருகினால் பெற்றோல் குறையும், பெற்றோலோடு வருகிற ஒயிலும் குறையும், சூடு ஏறும். சரியான இடத்தில் இருந்தால் சும்மா முழு வேகம் கொடுக்கும்போது சத்தம் கொஞ்சம் கரகரத்து, மரத்தில் வைத்ததும் கரகரப்பு நீங்கித் தெளியும். சும்மா ஓடும்போதே கூர்மையாகக் கத்தினால் பெற்றோல் போதவில்லை என்று அர்த்தம், நிற்பாட்டுங்கள்.

கடைசியாக, மெசின் நன்றாக ஆறியபின் சைலன்சரைக் கழற்றி, சிலிண்டரிலிருந்து புகை வெளிவரும் வாய்க்குள் டோர்ச் அடித்துப் பிஸ்டனைப் பாருங்கள். பக்கம் வழுவழுப்பாக இருந்தால் பயமில்லை. மேலிருந்து கீழாகக் கீறல்கள் ஓடியிருந்தால் மேலே சொன்ன எதுவும் உதவாது, சிலிண்டரும் பிஸ்டனும் சேர்த்து மாற்றவேண்டும், மாற்றுவதற்கு முன் எதனால் கீறியது என்று கண்டுபிடிக்கச் சொல்லி மெக்கானிக்கிடம் கேளுங்கள், இல்லாவிட்டால் புதிதும் அதே வழியில் போகும்.